இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி படிக்க நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

எம்பிபிஎஸ் முடிக்கப் போகிறேன் அக்கா. நேராக ஐஆர் (இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி) சேர முடியுமா?

ஐஆர் என்றால் ஸ்கேன், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி ஊசி, மெல்லிய குழாய் வழியாகச் செய்யும் சிகிச்சை. இந்தியாவில் நேராகச் சேர முடியாது. 3 வருடம் எம்.டி. ரேடியோடயக்னோசிஸ் (ஸ்கேன் பார்த்து நோய் கண்டறியும் படிப்பு), அப்புறம் நீட் எஸ்எஸ் (சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு) எழுதி 3 வருடம் ஐஆரில் டி.எம். எய்ம்ஸுக்குத் தனித் தேர்வு. இவ்வளவு நீளமா என்று அலுத்துக்கொள்ள வேண்டாம், எம்.டி.யில் சிடி பார்த்துப் பார்த்துப் பழகிய கண்தான் பின்னால் கைக்கு வழி சொல்லும்.

எம்.டி. இரண்டாம் வருடம். கேத் லேபில் (ரத்தக்குழாய் சிகிச்சை நடக்கும் எக்ஸ்ரே அறை) எதையும் தொட விடுவதில்லையே?

கேத் லேப் வாசலில் நிற்காதே தம்பி, அல்ட்ராசவுண்ட் அறைக்குப் போ. சீழ்க்கட்டிக்கு பிக்டெயில் (சீழை வடிக்கும் சுருள்முனைக் குழாய்) போடு, பயாப்சி எடு. ஊசி முனையைத் திரையில் தொலைக்காமல் கொண்டுபோகத் தெரிந்துவிட்டால் சீனியரே கூப்பிட்டு ஷீத் (ரத்தக்குழாய்க்குள் கருவி நுழைய வழிவிடும் உறை) போடச் சொல்வார். ஸ்வீடன் ரேடியாலஜிஸ்ட் செல்டிங்கர் 1953-ல் காட்டிய வரிசைதான் இன்றும்: ஊசி, வயர், ஊசியை உருவிவிட்டு வயர் மேல் கதீட்டர் (மெல்லிய குழாய்).

இதெல்லாம் கார்டியாலஜிஸ்ட் வேலை இல்லையா?

1964-ல் கால் ரத்தக்குழாயின் அடைப்பை முதலில் கதீட்டரால் திறந்த சார்ல்ஸ் டாட்டர் ரேடியாலஜிஸ்ட். இதயத்துக்கு அது வந்தது 1977-ல். வேறென்ன சொல்ல!

நைட் டியூட்டி எப்படி இருக்கும்?

பெரும்பாலும் ரத்தம்தான். பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கு, விபத்து, அப்புறம் நம் ஊரில் பழைய டிபி நுரையீரலோடு ரத்தம் இருமி வருகிறவர்கள். அவர்களுக்கு மூச்சுக்குழாய்களுக்கு ரத்தம் தரும் பிராங்கியல் தமனியை அடைப்பது பார்க்கச் சுலபம், ஆனால் அதே தமனியிலிருந்து தண்டுவடத்துக்கு ஒரு மெல்லிய கிளை கொண்டை ஊசி மாதிரி வளைந்து போகலாம், அதைக் கவனிக்காமல் அடைக்கும் துகளை விட்டால் இருமல் நின்று கால்கள் செயலிழந்துவிடும். அதனால் விடியற்காலை மூன்று மணியானாலும் படத்தை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். துகளுக்குப் பதில் க்ளூ (ரத்தக்குழாயை அடைக்கும் பசை) போடுவதாக இருந்தால் கதீட்டரை 5% டெக்ஸ்ட்ரோஸால் கழுவ வேண்டும், சலைன் பட்டால் உள்ளேயே இறுகிவிடும்.

கதிர்வீச்சு பயமாக இருக்கிறது. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா மேடம்?

தாராளமாக. உங்கள் மேல் படுவது முக்கியமாக நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வருவது. தூரம் இரட்டித்தால் அளவு ஏறக்குறைய கால்பங்கு, எனவே ரன் (தொடர் எக்ஸ்ரே படம்) எடுக்கும்போது பின்னால் நகருங்கள், எக்ஸ்ரே பெடலில் கால் தூங்கக் கூடாது. நம் நாட்டு வரம்பு 5 வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் தெரிந்ததும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள், மீதி மாதங்களில் கருவுக்கு வரம்பு 1 மில்லிசீவர்ட். ரீடிங் ஏறுகிறது என்று டிஎல்டி பேட்ஜை (உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் அட்டை) லாக்கரில் வைத்துவிட்டுப் போகிற புத்திசாலிகளைப் பின்பற்றாதீர்கள்.

எந்தக் காலேஜ் நல்லது?

மெஷின் எத்தனை என்று கேட்காதீர்கள். ஐஆர் பெயரில் ஓபி உண்டா, வார்டில் படுக்கை உண்டா, போட்ட வடிகுழாயை மறுநாள் போய்ப் பார்ப்பது யார்? கேஸ் முடிந்ததும் நோயாளியைத் தள்ளிவிடும் இடத்தில் கை மட்டும் பழகும், எதைச் செய்யக் கூடாது என்பது பழகாது. இதைத் துறைத்தலைவரிடம் கேட்டுப் பயனில்லை, இரண்டாம் வருட டி.எம். ரெசிடென்ட்டை டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள்.