ஹிண்டமித்தைப் பற்றிக் கேட்டீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்

வயலினைவிடச் சற்றுப் பெரிய, கனத்த குரல் கொண்ட வியோலாவை வாசிக்கிற எங்களுக்கு, இசையமைப்பாளர் ஹிண்டமித் கிட்டத்தட்ட குலதெய்வம். அதனால் அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய்விட்டுவிட்டேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்?

பவுல் ஹிண்டமித், ஜெர்மானிய இசையமைப்பாளர், ஆசிரியர். 1895 நவம்பர் 16 அன்று பிராங்க்பர்ட்டை ஒட்டிய ஹனாவ் ஊரில் பிறந்தார். அப்பா பெயின்ட் அடிக்கும் தொழிலாளி. கையில் காசு இல்லாவிட்டாலும் மூன்று பிள்ளைகளையும் இசைக்காரர்களாக்கியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தவர். பவுல் பிராங்க்பர்ட்டின் ஹோக் கான்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் படித்தபோது நடனக் குழுக்களில் வாசித்துச் செலவைச் சமாளித்தார், இருபது வயது வாக்கில் அந்த ஊர் ஓபரா ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வேலை கிடைத்தது. அப்பா 1915-இல் போரில் இறந்தார். பிறகு இவரையும் ராணுவம் இழுத்துக்கொண்டது, அங்கே பேண்டில் பெரிய டிரம் அடித்தார். தளபதிக்காக நான்கு பேர் சேர்ந்து பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் குவார்டெட்டை (நான்கு வாத்தியங்களுக்கான இசை) வாசித்துக்கொண்டிருந்தபோது, டெபுஸி இறந்துவிட்டார் என்று செய்தி வந்ததாம். எதிரி நாட்டுக்காரரின் இசைதான், ஆனாலும் அதற்கு மேல் அவர்களால் வாசிக்க முடியவில்லை.

கேள்வி: வயலின்காரர் ஏன் வியோலாவுக்கு மாறினார்? பொதுவாக வியோலா என்றால் கிண்டல்தானே!

கிண்டலுக்குப் பழகிவிட்டோம், பரவாயில்லை. 1921-இல் ஜெர்மனியின் டோனாவெஷிங்கன் இசை விழாவில் இவருடைய குவார்டெட் ஒன்றை அரங்கேற்ற வேண்டியிருந்தது, அமர்த்தியிருந்த குழு மறுத்துவிட்டது. சரி, நாமே வாசிப்போம் என்று லிக்கோ அமர் என்ற வயலின் கலைஞரோடு சேர்ந்து ஒரு குழு அமைத்தார், இவர் வியோலா, தம்பி ருடால்ஃப் செல்லோ. அதுதான் பிறகு பெயர்பெற்ற அமர் குவார்டெட். 1929-இல் ஆங்கில இசையமைப்பாளர் வால்டனின் வியோலா கான்செர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ராவோடு ஒருவர் தனித்து வாசிப்பது) வியோலா கலைஞர் டெர்டிஸ் வேண்டாம் என்று ஒதுக்கியபோது, லண்டனுக்குப் போய் அதை முதலில் வாசித்தவரும் இவரே. தனி வியோலாவுக்கு எழுதிய ஒரு சோனாட்டாவில் (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசை), வெறிபிடித்த வேகத்தில் போகும் பகுதிக்கு மேல் ‘நாதத்தின் அழகு இரண்டாம் பட்சம்’ என்று குறிப்பே எழுதிவைத்திருக்கிறார். அதை வாசிக்கிற அன்று வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை.

கேள்வி: ஒரே நாளில் ஒரு இரங்கல் இசை எழுதினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1936 ஜனவரியில் தன் புதிய வியோலா கான்செர்ட்டோவை வாசிக்க லண்டன் வந்திருந்தார். 20-ஆம் தேதி இரவு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறந்துபோக, நிகழ்ச்சி நின்றது. மறுநாள் பிபிசி ஓர் அறை கொடுத்தது, காலை 11 மணிக்கு உட்கார்ந்தவர் மாலை 5 மணிக்கு எழுந்தார், அன்று இரவே ஏட்ரியன் போல்ட் ஆர்கெஸ்ட்ராவை நடத்த இவர் வாசிக்க வானொலியில் நேரடியாகப் போனது. டிராவர்மூசிக் என்று பெயர், எட்டு நிமிடம்கூட வராது. அவசரத்தில் எழுதியது என்று ஒரு இடத்தில்கூடத் தெரியாது.

கேள்வி: நாஜிகளை எதிர்த்த வீரர் என்று ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் சமரசம் செய்தவர் என்கிறார். எது சரி?

இரண்டிலும் பாதி. மனைவி கெர்ட்ரூட்டின் தந்தை யூதர். இவரோடு வாசித்தவர்களிலும் யூதர்கள் இருந்தார்கள். 1929-இல் வந்த ஓர் ஓபராவில் குளியல் தொட்டியில் கிடந்தபடி ஒரு பெண் பாடுவாள், அந்தக் காட்சி ஹிட்லருக்கு அறவே பிடிக்கவில்லை. 1934 மார்ச்சில் இவருடைய ‘மாத்திஸ் டெர் மாலர்’ (ஓவியன் மாத்திஸ்) சிம்பொனியை ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் ஃபர்ட்வேங்லர் பெர்லினில் அரங்கேற்றினார், நல்ல வரவேற்பு. அதன் பிறகும் நெருக்கடி நிற்காததால் நவம்பரில் ஃபர்ட்வேங்லர் பத்திரிகையிலேயே இவருக்காக வாதாடினார், விளைவாகத் தன் பதவிகளை இழந்தார். டிசம்பரில் நாஜிப் பிரசார அமைச்சர் கெப்பல்ஸ் ஹிண்டமித்தை மேடையில் திட்டித் தீர்த்தார்.

ஆனால் ஹிண்டமித் உடனே கிளம்பிவிடவில்லையே! நிலைமை மாறும் என்று காத்திருந்தார், 1936-இல் ஹிட்லருக்கான விசுவாச உறுதிமொழியிலும் கையெழுத்திட்டார். அதே ஆண்டு அவருடைய இசைக்கே தடை வந்தது. 1937-இல் பெர்லின் பேராசிரியர் வேலையை விட்டார், 1938-இல் சுவிட்சர்லாந்து போனார். அந்தச் சிம்பொனியின் அதே பெயரில் அவர் எழுதிய மாத்திஸ் ஓபராவும் அந்த ஆண்டு சூரிச்சில்தான் மேடையேறியது. விவசாயிகள் கிளர்ச்சிக் காலத்தில் தூரிகையைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தவிக்கும் ஓவியன் கதை அது. தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். வீரர் என்று சொல்ல மாட்டேன், கோழை என்றும் சொல்ல மனம் வராது.

கேள்வி: துருக்கியில் என்ன வேலை?

அத்தாதுர்க் அரசு 1935-இல் அழைத்தது. இசைக் கல்விக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தார், அங்காரா கான்சர்வேட்டரி உருவானதில் பெரிய பங்கு அவருடையது.

கேள்வி: ஐயா, ஆசிரியராக எப்படி?

ஐயா இல்லை, அக்கா! 1927-இல் பெர்லின் இசை உயர்கல்விக் கூடத்தில் பேராசிரியர் ஆனபோது வயது 31. கறாரானவர். மாணவர் எழுதியதில் பிழை இருந்தால் விளக்கிக்கொண்டிருக்காமல் தானே கடகடவென்று எழுதிக் காட்டிவிடுவார். ஹரால்ட் கென்ஸ்மர், ஃபிரான்ஸ் ரைசென்ஸ்டைன் அங்கே படித்தவர்கள். ஆஸ்கார் சாலாவும்தான். டிராட்டோனியம் என்ற மின்னணு வாத்தியத்துக்கு ஹிண்டமித் எழுதினார், சாலா அதிலேயே ஊறிப்போய், பின்னாளில் ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ படத்துக்குப் பறவைச் சத்தங்களை அதே குடும்பத்து வாத்தியத்தில் உண்டாக்கினார்.

1940-இல் அமெரிக்கா போய் 1953 வரை யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தார், லூகாஸ் ஃபாஸ் அங்கே இவரிடம் கற்றவர். எனக்குப் பிடித்தது அங்கே நடத்திய பழைய இசைக் குழு. ஜே. எஸ். பாக் என்ற இசையமைப்பாளருக்கும் முந்தைய நூற்றாண்டுகளின் இசையை மாணவர்களை வைத்தே பாடவும் வாசிக்கவும் செய்தார், இப்படி ஒன்று அன்றைக்கு அரிது. ஒரு குறை: தன் இசைக் கோட்பாட்டை அளவுக்கு மீறி நம்பினார். 1923-இல் எழுதிய ‘மரியன்லேபன்’ பாடல்களை அதற்கேற்ப 1948-இல் திருத்தி வெளியிட்டார், பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் பழையதே மேல் என்றார். நானும் அந்தக் கட்சி.

கேள்வி: எழுதியது தொலைந்துபோனது ஏதாவது உண்டா?

போரில் வலக்கையை இழந்த பியானோ கலைஞர் பவுல் விட்கென்ஸ்டைன், இடக்கைக்கு மட்டும் ஒரு படைப்பை 1923-இல் எழுதி வாங்கினார். பணமும் கொடுத்தார், ஆனால் பிடிக்கவில்லை, வாசிக்கவே இல்லை, வேறு யாருக்கும் தரவும் இல்லை. அவர் மனைவியும் இறந்த பிறகுதான் பிரதி வெளியே வந்தது, 2004-இல் பெர்லினில் லியோன் ஃபிளைஷர் அரங்கேற்றினார். ஹிண்டமித் 1963 டிசம்பர் 28 அன்றே பிராங்க்பர்ட்டில் இறந்துவிட்டார், காது கொடுத்துக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

கேள்வி: வறட்டு மனிதர் மாதிரி இருக்கிறதே?

அட, வீட்டில் பொம்மை ரயில் ஓட்டிக்கொண்டிருந்த ஆள்! காலை 7 மணிக்கு ஒரு சுமாரான குழு வாக்னரின் முன்னிசையை ஒத்திகை பார்க்காமல் வாசித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு குவார்டெட் எழுதியிருக்கிறார், கேட்டுப் பாருங்கள், வேண்டுமென்றே அபசுரம்.

கேள்வி: என் மகன் டிராம்போன் கற்கிறான். அவனுக்கு ஏதாவது இருக்கிறதா?

இல்லாமலா? புல்லாங்குழல், ஓபோ, பசூன், ஹார்ன், டூபா என்று ஆர்கெஸ்ட்ராவில் கிட்டத்தட்ட ஒரு வாத்தியத்தையும் விடாமல் சோனாட்டா எழுதினார், பலவற்றைத் தானே வாசித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர். டிராம்போன் சோனாட்டா 1941-இல் வந்தது. ஆனால் முதலில் நல்ல பியானோக்காரரைப் பிடித்து வையுங்கள், அந்தப் பகுதி டிராம்போனைவிடக் கஷ்டம்.