உரப் பில்லு இருந்தா எழுதுங்க (கேள்வி-பதில்)

கந்தப்பளை வாசகர்: அரை ஏக்கர்ல லீக்ஸ் போட்டிருக்கோம். எங்க காபன் கணக்கு (பயிர் செய்யிறதுல வெளியாகுற, பூமிய சூடாக்குற வாயுவோட அளவு) எவ்வளவு வரும்?

எத்தனை மூட்டை யூரியா, எத்தனை கிலோ விளைச்சல்னு ஒரு வரி கூட இல்ல, நான் என்ன சாத்திரமா பாக்குறது? உரப் பில்லையும் மார்க்கெட்ல நிறுத்த துண்டையும் வச்சிக்கிட்டு கேளுங்க. 50 கிலோ மூட்டையில 23 கிலோ நைதரசன், நம்ம மாதிரி மழை கூடின இடத்துல அந்த நைதரசன்ல 1.6 வீதம் நைதரஸ் ஒக்சைட்டா போகும்னு ஐபிசிசி (ஐ.நா.வோட காலநிலைக் குழு) 2019ல சொன்ன கணக்க போட்டா, வயல்ல இருந்து போற அந்த வாயு மட்டும் மூட்டைக்கு 160 கிலோ காபனீரொக்சைட்டுக்கு சமம். பக்டரியில யூரியா செஞ்ச கணக்கு வேற.

வெலிமடை: கோழிப் பசளை மட்டும்தான் போடுறேன், பூச்சியம்னு எழுதலாமா?

எழுதக்கூடாது. அதுலயும் நைதரசன் இருக்கு.

தலவாக்கலை: தேயிலைக்கு கணக்கு கொழுந்துக்கா தூளுக்கா?

எதுக்கு வேணும்னாலும் போடுங்க, ஆனா எதுக்குன்னு எழுதி வைங்க. ஒரு கிலோ தூளுக்கு நாலரை அஞ்சு கிலோ கொழுந்து போகுது, மாத்திட்டா மொத்தமும் பாழ்.

ராகலை: கிழங்குக்கு காபன் கணக்கு குறைவாத்தான் வந்திருக்கு. சூழலுக்கு நல்லதுன்னு ஸ்டிக்கர் ஒட்டலாமா? (பாத்தி மேல இருந்து கீழதான் போட்டிருக்கோம்.)

அந்த அடைப்புக்குறிக்குள்ள போட்டீங்களே, அதுதான் விஷயமே! காபன் ஷீட்ல மண்ணுக்கு ஒரு கட்டம் கிடையாது, அதனால மழைக்கு மண்ணெல்லாம் கரைஞ்சு ஓடினாலும் கணக்கு அழகா நிக்கும், எல்லாரும் அத காட்டிட்டு போறாங்க, எனக்கு வர்ற கோபம் கொஞ்சநஞ்சமில்ல. ஒரு ஏக்கர்ல ஒரு மில்லிமீட்டர் மண் போனாலே அஞ்சு டன் கிட்ட, போட்ட உரமும் அது கூடவே போகுது. உமா ஓயா ஆறு கொண்டு வந்த மண்ணு ரன்தம்பே நீர்த்தேக்கத்துல குவிஞ்சு கிடக்கு, கிரகரி வாவியும் தூர்ந்துகிட்டே இருக்கு. மண் பாதுகாப்பு சட்டம் 1951லயே வந்தாச்சு, பாத்தி மட்டும் இன்னும் நேரா கீழதான் இறங்குது. பத்துப் பதினைஞ்சு கம்பிய மேல நடு கீழன்னு பரவலா அடிச்சு, மண்மட்டத்துல பெயிண்ட் கோடு போடுங்க. பெருமழை முடிஞ்சதும் மண் கோட்டுக்கு எவ்வளவு கீழ இறங்கியிருக்குன்னு அடிமட்டம் வச்சு அளங்க, செலவே இல்ல. பாத்தியையும் கானையும் சரிவுக்கு குறுக்க திருப்பிட்டு அடுத்த போகமும் அளந்து பாருங்க, அப்புறம் ஸ்டிக்கர் பேசலாம்.

நுவரெலியா: கொழும்புக்கு போற லொறி டீசல்தானே பெரிய பங்கு?

இல்ல. லொறி நிறைஞ்சு போனா கரட் கிலோவுக்கு முப்பது நாப்பது கிராம் காபனீரொக்சைட்டுதான். உரத்த பாருங்க.

ஹட்டன்: ஒரு கோப்பை டீக்கு 30 லீட்டர் தண்ணியாமே?

ஆமா, பெரும்பகுதி செடி குடிச்ச மழைத்தண்ணி. பம்ப் வச்சு இறைச்சத தனியா எழுதுங்க, பில்லோட.