கோடை விடுமுறையில் சில்லறை வேலைகள்: ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு உதவித்தொகை ஆண்டில் ஒன்பது மாதங்களுக்கு மட்டுமே வருகிறது. மீதி மூன்று மாதங்களைச் சில்லறை வேலைகளைக் கொண்டு ஓட்டிவிட முடியுமா?

பதில்: முடியும். முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் நான்கு கோடைகளை நான் அப்படித்தான் கடத்தினேன். வெளியே தேடும் முன்பு துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். தேர்வு அறை மேற்பார்வை, விடைத்தாள் திருத்துதல், ஆய்வகப் பொருட்களைக் கணக்கெடுத்தல், பேராசிரியர் ஒருவரின் நூலுக்குச் சொல்லடைவு தயாரித்தல் போன்ற வேலைகள் பெரும்பாலும் அறிவிப்புப் பலகைக்கே வருவதில்லை, கேட்டவருக்குக் கிடைத்துவிடும். பணம் எப்போது கைக்கு வரும் என்பதையும் அப்போதே கேளுங்கள். முதல் மாதம் செய்த வேலைக்கு மூன்றாம் மாதம் பணம் வந்தால், இடைப்பட்ட மாதத்து வாடகைக்கு அது உதவாது.

கேள்வி: நேர்காணல் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கித் தரச் சொல்கிறார்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: அந்த ஒரு மணி நேரம் பதிவின் நீளமே தவிர உங்கள் உழைப்பின் நீளம் அன்று. குரல் தெளிவாக இருந்தாலும், பழகிய கைக்கே ஏறத்தாழ 4 மணி நேரம் பிடிக்கும். பலர் ஒருவர்மேல் ஒருவர் பேசும் குழு உரையாடலென்றால் 6 மணி நேரத்தையும் தாண்டும். ஆகவே சொன்ன தொகையை நான்கால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்கு வாய்த்த முதல் பதிவில் பேசுபவரின் தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. ஊர்ப்பெயர்களெல்லாம் அந்தச் சத்தத்தில் கரைந்துபோக, ஒரே வாக்கியத்தைப் பதினொரு முறை கேட்டுவிட்டுக் கடைசியில் ‘தெளிவில்லை’ என்று குறித்தேன். அன்றிலிருந்து பதிவின் நடுப்பகுதியில் 10 நிமிடங்களை வாங்கி எழுதிப் பார்த்த பிறகே கூலி சொல்கிறேன். தொடக்கப் பகுதியை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள், ஏனெனில் தொடக்கத்தில் எல்லாரும் நிதானமாகத்தான் பேசுவார்கள். மென்பொருள் தந்த வரைவைத் திருத்தினால் போதும் என்று பாதிக் கூலி பேசுவோரும் இப்போது உண்டு. தவறாகக் கேட்ட சொல்லையும் மென்பொருள் எழுத்துப்பிழையின்றி, நம்பும்படியாக எழுதிவைக்கும் என்பதால், திருத்துபவர் முழுப் பதிவையும் கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி: நான் வெளிநாட்டு மாணவர். விடுமுறையில் எந்த வேலையும் செய்யலாம் என்று நண்பர்கள் சொல்வது சரியா?

பதில்: சரியன்று. அமெரிக்காவில் எஃப்-1 என்னும் மாணவர் விசா உள்ளவர் விடுமுறையில் வளாகத்துக்குள் முழுநேரம் உழைக்கலாம். வெளியே உழைக்கத் தனி அனுமதி வேண்டும். பிரிட்டனில் முதுநிலை மாணவர் ஆய்வேடு எழுதும் கோடைக்காலம் பொதுவாகப் படிப்புக் காலமாகவே கணக்கிடப்படுவதால், வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பு அப்போதும் நீடிக்கும். அங்கே சுயதொழிலுக்கும் அனுமதி இல்லாததால், மேலே சொன்ன எழுத்தாக்க வேலையைத் தனியாக எடுத்துச் செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவிலோ ஆய்வுப் பட்ட மாணவருக்கு மணிநேர வரம்பே இல்லை. நண்பர் எந்த நாட்டில், எந்தப் பட்டத்துக்குப் படிக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேரில் பார்க்காமலேயே ஒருவர் என்னை உதவியாளராக அமர்த்தி, பேசியதைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை அனுப்பியிருக்கிறார். மீதியை வேறொருவருக்கு அனுப்பச் சொல்கிறார்.

பதில்: அனுப்பாதீர்கள், இது பழைய மோசடி. காசோலை செல்லுமா என்பது உறுதியாகும் முன்பே தொகையைக் கணக்கில் காட்டும் வங்கிகள் உண்டு. சில நாட்களில் காசோலை திரும்பியதும் வங்கி அதைக் கழித்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய மீதியோ உங்கள் சொந்தப் பணமாகப் போயிருக்கும்.

கேள்வி: நெறியாளரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: உதவித்தொகை விதிகளில் வெளிவேலைக்குத் தடை உண்டா என்று படித்துவிட்டுச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வெளியூர் செல்லும் ஒரு குடும்பத்தினர், வீட்டையும் பூனையையும் பார்த்துக்கொண்டால் வாடகையின்றித் தங்கலாம் என்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: உங்கள் அறையைக் காலிசெய்ய முடிந்தால் இதைவிட நல்ல கோடை வேலை அரிது, ஆய்வேடு எழுத அமைதியான மேசையும் கிடைக்கிறது. வெளிநாட்டு மாணவரென்றால், வாடகைக்கு ஈடான உழைப்பும் வேலையாகக் கருதப்படக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். அவர்கள் புறப்படும் முன்பே சுவர் விரிசல்களையும் தரைக் கறைகளையும் படமெடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். தண்ணீரை மொத்தமாக அடைக்கும் திருகு எங்கே இருக்கிறது, பூனைக்கு நோய் வந்தால் செலவு யாருடையது, அவர்கள் முன்னதாகத் திரும்பினால் நீங்கள் எங்கே தங்குவது என்பவற்றையும் எழுதி வாங்குங்கள். நான் கடைசிக் கேள்வியைக் கேட்கத் தவறினேன். அவர்கள் ஒன்பது நாட்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.