மாவுக்கட்டுக்குக் கைதட்டலாமா?

கேள்வி: பஸ்ஸிலும் ரயிலிலும் பட்டாக்கத்தியோடு அலையும் 'ரூட்டு தல' பையன்களுக்கு (ஒரே பஸ், ரயில் தடத்தில் வரும் கல்லூரி மாணவர் கும்பலின் தலைவன்தான் 'ரூட்டு தல') போலீஸ் கையை உடைத்து மாவுக்கட்டு போட்டு அனுப்புவதுதான் சரியான வைத்தியம். மனித உரிமை பேசுகிறவர்கள் வெட்டுப்பட்டவன் வீட்டுக்குப் போய் இதைப் பேசுவார்களா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: சரி, வெட்டுப்பட்டவன் வீட்டிலிருந்தே பேசுவோம். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில், பட்டப்பகலில், மாநகரப் பேருந்தில் வந்த பச்சையப்பன் கல்லூரி மாணவர்களை அதே கல்லூரி மாணவர்களே பட்டாக்கத்தியால் வெட்டினார்கள். அதற்கப்புறம் மாவுக்கட்டுப் படங்களுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் 2024 அக்டோபரில் சென்ட்ரலில் பச்சையப்பன் மாணவர்கள் அடித்ததில், மாநிலக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கட்டு போட்டு யாரைக் காப்பாற்றினோம்?

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குத் தேவை, கோர்ட்டில் நிற்கிற தண்டனை. கை உடைந்து வரும் குற்றவாளிக்காக வாதாடும் வக்கீல் முதலில் பிடித்துக்கொள்வது அந்தக் கையைத்தான்.

அந்தப் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பையன் தலைகுனிந்து நிற்கிறான், வலது கை முழங்கைவரை வெள்ளைக் கட்டு. கீழே 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று ஒரு வரி. அது பொய் என்று எழுதியவருக்கும் தெரியும், வாட்ஸ்அப்பில் அனுப்புகிற நமக்கும் தெரியும். தெரிந்தே சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாக இருக்கிறது. பட்டாக்கத்தி எடுக்காத பையன்மீதும் அடி விழும்போது, ஏனென்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டில், வழக்கில் சிக்கும் சிறுவர்களை வைக்கும் அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துக் கொல்லப்பட்டான். அங்கே வேலை பார்த்தவர்கள் 6 பேர் கைதானார்கள். அந்தப் பையன்மீது இருந்தது கொலை வழக்கு இல்லை, ரயில்வே பேட்டரி திருடியதாகப் புகார்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதைக் காட்டவேண்டிய இடம் வேறு. திருத்தணி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வரும் முதலாண்டுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். பெட்டியில் சீனியர்கள் கத்தச் சொன்னால் கத்தவேண்டும், தாளம் போடச் சொன்னால் போடவேண்டும். ஒதுங்கி உட்கார்ந்தால் அடி. கத்தி கைக்கு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே இது தொடங்கிவிடுகிறது, எல்லார் கண்முன்னாலும். எந்த ரூட்டுக்கு யார் 'தல' என்று பேராசிரியர்களுக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும், ரயில்வே போலீசுக்கும் தெரியும். ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1997-லேயே வந்துவிட்டது. ஓடும் ரயிலில் ஜூனியரை அடிக்கும் சீனியர்மேல், ரத்தம் சிந்துவதற்கு முன்பே, அந்தச் சட்டத்தில் எத்தனை வழக்கு போட்டீர்கள் என்று கல்லூரி முதல்வர்களையும் காவல்துறையையும் கேளுங்கள். பதில் வந்தால் எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.