நீலம் சிவப்பானபோது

கேள்வி: வெளிநாட்டு முதலாளி ஒருவர் கால்பந்துக் கழகத்தின் சட்டை நிறத்தை மாற்றியதற்கு ரசிகர்கள் கொதித்தெழுந்தார்களாமே, நிறத்தில் அப்படி என்ன இருக்கிறது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: வேல்ஸ் தலைநகரின் கார்டிஃப் சிட்டி கழகத்தைத்தான் குறிப்பிடுகிறீர்கள் என்று கொள்கிறேன். 1908 முதல் நீலச் சட்டையில் ஆடி, 'நீலப்பறவைகள்' என்றே பெயர் பெற்று, 1927இல் லண்டன் கழகமான ஆர்சனலை 1-0 என வென்று, இங்கிலாந்தின் பெருமைமிக்க கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை இங்கிலாந்துக்கு வெளியே கொண்டுசென்ற ஒரே கழகம் அது. மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் 2012இல் சட்டையைச் சிவப்பாக்கி, சின்னத்தில் பறவையைச் சுருக்கி டிராகனைப் பெரிதாக்கினார். ஆசியச் சந்தையில் சிவப்பு எடுபடும் என்பது கணக்கு. கடனில் தத்தளித்த கழகத்துக்கு அவருடைய பணம் தேவைப்பட்டதால் ஒரு சாரார் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றனர்; மற்றவர்களோ, களத்தில் அணி சிவப்பில் ஆட, கழுத்தில் நீலத் துண்டைச் சுற்றிக்கொண்டு பார்வையாளர் வரிசையில் அமர்ந்தனர். ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் முதலாளியும் மாறிக்கொண்டே இருக்கும் கழகத்தில், தாத்தா பார்த்ததையே பேரனும் பார்க்கிறான் என்பதற்கு நிறம் ஒன்றுதானே சாட்சி! வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்துக் கால்பந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீகுக்கு அவர்கள் முதன்முறை உயர்ந்தது 2013இல், அந்த வேண்டாத சிவப்பில்தான்; மறு ஆண்டே கீழே இறங்கினார்கள். ஒற்றுமையின் அருமையைத் தம் தாயார் எடுத்துரைத்ததாகக் கூறி, 2015 ஜனவரியில் டான் நீலத்தைத் திருப்பித் தந்தார். அடுத்த பருவத்துச் சின்னத்தில் பறவை மீண்டும் பெரிதானது. டிராகனுக்கும் அதில் சிறிய இடம் கிடைத்தது.