பிறவியிலேயே வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள குழந்தைகளின் மூளையைக் குடல் பாக்டீரியா பாதிக்குமா? புரோபயாடிக் கொடுக்கலாமா?

எங்கள் வீட்டில் மாதத்தில் பத்து நாள் மெட்ரோஜில் சிரப் ஓடும். வயிற்றுக்கடுப்புக்குக் கொடுப்பார்களே, அதே மெட்ரோனிடசோல்தான். மெடிக்கல் ஷாப் அண்ணன் ஆரம்பத்தில் "பையனுக்கு இன்னுமா லூஸ் மோஷன் நிக்கல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பையனுக்கு லூஸ் மோஷனே கிடையாது, மலச்சிக்கல்தான். அந்த சிரப் அவன் மூளையைக் காப்பாற்ற.

நான் டாக்டர் இல்லை. என் மகனுக்கு ஆறு வயது, புரோப்பியானிக் அசிடீமியா என்ற பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறு. பிறந்த ஒன்பதாம் நாள் பால் குடிக்காமல் துவண்டுபோனான். முதலில் கிருமித்தொற்று என்றே நினைத்தார்கள். ரத்தத்தில் அம்மோனியா பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. என் மனைவி எனக்குச் சொந்த அத்தை மகள். அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே ஜீன் பழுதாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு.

புரதத்தில் உள்ள ஐசோலூசின், வேலின், மெத்தியோனின், த்ரியோனின் ஆகிய நான்கு அமினோ அமிலங்களும் (புரதத்தின் கட்டுமானக் கற்கள்) உடையும்போது புரோப்பியோனைல் என்ற துண்டு மிஞ்சும். அதை அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் என்சைம் இவனிடம் வேலை செய்யாது. துண்டுகள் தேங்கினால், கல்லீரலில் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் வேலையும் படுத்துவிடும். அம்மோனியா ஏறினால் வாந்தி, தூக்கக் கலக்கம், மூளை வீக்கம், கோமா என்று போகும்.

அதனால் புரதத்தை அளந்து கொடுக்கிறோம். பருப்பும் முட்டையும் கிடையாது, இட்லிக்குக்கூடக் கணக்கு உண்டு, மீதிக்கு ஸ்பெஷல் பவுடர். வாய் வழியாகப் போவதை அடைத்தாயிற்று, இனி பயமில்லை என்றிருந்தோம். இரண்டு வயதில் ஒருநாள் திடீரென்று சுருண்டு படுத்துவிட்டான். காய்ச்சல் இல்லை, சாப்பாட்டிலும் தப்பு நடக்கவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போ மோஷன் போனான்?" நான்கு நாள் ஆகியிருந்தது.

அன்றைக்குத்தான் குடல் பாக்டீரியா கதை எங்களுக்குத் தெரியவந்தது. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா, நமக்குச் செரிக்காத நாரைப் புளிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்று சில அமிலங்களைத் தரும். உங்களுக்கும் எனக்கும் அது வரவுதான். நம் கல்லீரல் அந்தப் புரோப்பியோனேட்டை வைத்துக் குளுக்கோஸ் செய்துகொள்ளும். என் மகனுக்கோ அதே புரோப்பியோனேட் விஷம்; உள்ளே போனால் முன்பு சொன்ன அதே புரோப்பியோனைல் துண்டாக மாறித் தேங்கும். இந்த நோயில் உடலில் சேரும் புரோப்பியோனேட்டில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை குடல் பாக்டீரியாவிலிருந்து வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மலம் எத்தனை நாள் உள்ளே தங்குகிறதோ, அத்தனை நாள் புளிப்பும் நடக்கும், உறிஞ்சலும் நடக்கும். போதாததற்கு, சில பாக்டீரியாக்கள் யூரியாவைத் திரும்ப உடைத்து அம்மோனியாவாகவே ஆக்கிவிடும்.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் அந்தப் பாக்டீரியாக்களை அடக்கத்தான் மெட்ரோனிடசோல். விடாமல் கொடுத்தால் கைகால் நரம்புகள் பாதிக்கப்படலாம், கிருமிகளும் மருந்துக்குப் பழகிவிடும். அதனால்தான் எங்களுக்குப் பத்து நாள் கொடுத்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். மலமிளக்கி தனியாகத் தினமும் உண்டு.

புரோபயாடிக் விஷயத்துக்கு வருகிறேன். "ரெண்டு டம்ளர் மோர் குடுடா, வயிறு சுத்தமாயிடும்" என்று என் அம்மா சொல்லாத நாளில்லை. மோரில் நான் பார்ப்பது புரதக் கணக்கை மட்டும்தான். கடையில் விற்கும் கேப்ஸ்யூல் வேறு கதை. 'நல்ல பாக்டீரியா' என்ற பொதுப்பெயரில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். சுவிஸ் சீஸில் ஓட்டை போடும் பாக்டீரியாவுக்குப் பெயரே புரோப்பியோனிபாக்டீரியம்! அதைப் புரோபயாடிக்காகவும் விற்கிறார்கள். நானாக எதையும் வாங்கிக் கொடுப்பதில்லை. (பிரெட் பாக்கெட்டில் 282 என்ற எண்ணைப் பாருங்கள், கால்சியம் புரோப்பியோனேட். பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்ப்பது. எங்கள் வீட்டுக்குள் அது வராது.)

எல்லாக் கோளாறுக்கும் இதே கதை இல்லை. ஃபீனைல்கீட்டோனூரியாவில் (ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை உடைக்க முடியாத இன்னொரு பிறவி நோய்) பாக்டீரியாவையே வேலைக்கு வைத்துப் பார்த்தார்கள். 1917-ல் ஆல்ஃப்ரெட் நிஸ்லே என்ற ஜெர்மன் மருத்துவர், வயிற்றுக்கடுப்பு வராமல் தப்பித்த ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த ஈ.கோலை வகை அது. குடலுக்குள்ளேயே ஃபீனைல்அலனைனைத் தின்னும்படி அதன் ஜீனை மாற்றினார்கள். ஆனால் அதை உருவாக்கிய சின்லாஜிக் நிறுவனம் மூன்றாம் கட்டச் சோதனையை 2024-ல் பாதியில் நிறுத்திவிட்டது. படித்த அன்று எனக்கே சோர்வாகத்தான் இருந்தது, அது எங்கள் நோய்க்கான மருந்து இல்லை என்றாலும்.

நீங்கள் கேட்டது உங்கள் குழந்தைக்காக என்றால், முதலில் நோயின் சரியான பெயரை வைத்து உங்கள் மெட்டபாலிக் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், மலம் போகும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வாந்தியோடு தூக்கக் கலக்கமும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவு டியூட்டியில் இருப்பவருக்கு இந்த நோய் தெரியாமல் இருக்கலாம்; "அம்மோனியா பாருங்க, ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே லேபுக்கு அனுப்புங்க" என்று நாம்தான் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் டாக்டர் இதை லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். லேமினேட் செய்து ஒன்று என் பர்ஸிலும் ஒன்று அவன் ஸ்கூல் பையிலும் வைத்திருக்கிறோம்.