தாதியரும் புகைத்தலும்: வாசகர் கேள்விகளுக்கு வைத்தியர் பதில்

இரவு ஏழு மணி முதல் காலை ஏழு மணி வரை கடமை. இரண்டு, மூன்று தடவையாவது வெளியே சென்று புகைக்காவிட்டால் எரிச்சல் வருகிறது, கவனம் சிதறுகிறது. இந்த வேலையின் அழுத்தத்தைத் தாங்க எனக்கு உதவுவது சிகரட்தானே?
– ஆண் தாதி உத்தியோகத்தர், தெகிவளை

நீங்கள் உணர்வது உண்மை. அதற்கு நீங்கள் கண்டிருக்கும் காரணம்தான் பிழை. குருதியில் சேரும் நிக்கொட்டின் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே நள்ளிரவு கடந்து வரும் எரிச்சலில் ஒரு பங்கு நோயாளிகளால் வந்ததன்று. பத்து மணிக்குப் புகைத்த சிகரட் விட்டுச் சென்றது. அடுத்த சிகரட் அந்தக் கடனைத்தான் அடைக்கிறது. புகைத்தலை முற்றாகக் கைவிட்டவர்களுக்குச் சில வாரங்களின் பின் பதற்றமும் மனவழுத்தமும் முன்னரைவிடக் குறைவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிகரட்டைச் சாட்டாக வைத்து நீங்கள் பெறுவது பத்து நிமிட ஓய்வு: யாரும் கூப்பிடாத, மணியோசை கேட்காத பத்து நிமிடம். அதே விடுதியில் புகைக்காத தாதிக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை என்பது கடமைப் பட்டியலின் குறை. ஓய்வை விடாதீர்கள், வழக்கமாகப் புகைக்கும் இடத்தைத் தவிர்த்து, ஒரு தேநீரோடு வேறு பக்கம் நடவுங்கள். கைவிடும் நாளை இரவுக் கடமை வாரத்தில் வைக்காமல் விடுமுறை நாட்களில் வையுங்கள், ஏனெனில் முதல் வாரமே கடினமானது. பெரும்பாலான தொல்லைகள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கிவிடும். நிக்கொட்டின் பேட்ச், சூயிங்கம் ஆகியவற்றைப் பற்றி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். மன உறுதி இருந்தால் மருந்து எதற்கு என்று ஆண்கள் கேட்பதுண்டு. நீரிழிவு நோயாளியிடம் நீங்கள் அப்படிக் கேட்பீர்களா?

எனது விடுதியில் இருவர் புகைப்பவர்கள். நோயாளிகளுக்கு இதுபற்றி அறிவுரை கூறுமாறு சொன்னால், "எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது, சிஸ்டர்?" என்கிறார்கள். அவர்களை விட்டுவிடலாமா?
– விடுதிப் பொறுப்புத் தாதி, கொழும்பு 10

விட்டுவிடாதீர்கள். தாமே புகைக்கும் சுகாதாரப் பணியாளர்கள் நோயாளியிடம் இந்தப் பேச்சை எடுப்பது குறைவு என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. என் பார்வையில், தாதி ஒருவர் புகைப்பதால் நோயாளிக்கு வரும் பெரிய இழப்பு அவருடைய இந்த மௌனமே. மாரடைப்பு வந்து படுக்கையில் கிடக்கும் ஒருவர் ஏற்கெனவே மூன்று, நான்கு நாட்கள் சிகரட் இல்லாமல் இருந்துவிட்டார். நெஞ்சில் பயமும் இருக்கிறது. வைத்தியர் வார்ட் சுற்றில் ஓரிரு நிமிடம் நின்று போய்விடுவார். இரத்த அழுத்தம் பார்க்கவும் மருந்து கொடுக்கவும் நாளுக்குப் பல தடவை அருகில் வருபவர் தாதி. தாதியின் அறிவுரை, புகைத்தலைக் கைவிடுவோரின் எண்ணிக்கையைச் சிறிதளவேனும் நிச்சயமாகக் கூட்டுகிறது.

குற்றமற்றவர்தான் பேச வேண்டும் என்ற கட்டாயமில்லை. "நானும் விட முயல்கிறேன், அண்ணா, கஷ்டம் எனக்குத் தெரியும்" என்று ஒரு தாதி சொன்னால் அதை நோயாளி போலித்தனமாக எடுத்துக்கொள்வதில்லை, நெருக்கமாகவே எடுத்துக்கொள்கிறார். நீங்கள் செய்யக்கூடியது: அனுமதிப் பத்திரத்தில் புகைப்பவரா என்ற கேள்வியை எல்லோரிடமும் கேட்டு எழுதச் செய்யுங்கள். எழுத்தில் வந்துவிட்டால் அது வெப்பநிலை பார்ப்பதுபோல் வழக்கமாகிவிடும், யாரும் முகம் தேட வேண்டியதில்லை. அந்த இருவரையும் மற்றவர்கள் முன் கண்டிக்க வேண்டாம்.

நான் ஒரு தாதிய மாணவி. நாளுக்கு மூன்று சிகரட்தான், யாருக்கும் தெரியாது. இவ்வளவு குறைவானது பாதிக்குமா?
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பாதிக்கும். இதற்கு விடை தந்தவர்கள் உங்கள் தொழிலைச் சேர்ந்த பெண்களே. அமெரிக்காவில் 1976இல் 1,21,700 தாதியரைக் கொண்டு தொடங்கிய நீண்டகால ஆய்வில், நாளுக்கு ஒன்று முதல் நான்கு சிகரட் வரை மட்டுமே புகைத்த பெண்களுக்குக்கூட, புகைக்காதவர்களோடு ஒப்பிடுகையில் இதய நாடி நோயின் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. குறைவாகப் புகைப்பவர் விடுவது சுலபம் என்பதுதான் உங்களுக்குள்ள நல்ல செய்தி.

மறைப்பதைப் பற்றி: சந்திக் கடையில் நின்று புகைக்கும் மகனைக் கண்டும் காணாமல் போகும் நம் சமூகம், அதே சிகரட்டைப் பெண்ணின் கையில் கண்டால் நடத்தையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். அந்தப் பயத்தால் பெண்கள் உதவி கேட்பதில்லை. பெயர் சொல்லத் தயங்கினால், புகைத்தலைக் கைவிட ஆலோசனை தரும் 1948 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டு, மறக்காது.

மனைவி அனுமதிக்கப்பட்டிருந்த வைத்தியசாலையில் மாடிப்படிகளில் ஊழியர்கள் புகைத்தார்கள். கேட்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

கேட்கலாம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி வைத்தியசாலை உட்பட மூடிய பொது இடங்களில் புகைத்தல் தடை. புகைக்க இடமளிப்பதும் குற்றமே. படிகளில் சண்டை பிடிக்காமல் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்.

ஐம்பது வயதாகிறது, முப்பது வருடப் பழக்கம். இனி விட்டு என்ன பயன்?
– தாதி உத்தியோகத்தர், மட்டக்குளி

பிரித்தானிய வைத்தியர்களையே 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, வாழ்நாள் முழுதும் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழப்பதாகவும், ஐம்பது வயதில் கைவிடுபவர் அவற்றில் ஏறத்தாழ ஆறைத் திரும்பப் பெறுவதாகவும் கண்டது. அறுபதில் விட்டாலும் மூன்று ஆண்டுகள் உண்டு. ஓய்வூதியத்தை அனுபவிக்க அந்த ஆறு ஆண்டுகளும் வேண்டாமா?